காரணமின்றி விழித்தெழும் கெர்னல் திரெட்

கேள்வி: லினக்ஸ் டிரைவர் ஒன்றில், நிபந்தனையை ஒருமுறை சோதித்துவிட்டு உறங்கச் செல்லும் என் திரெட் (தனித்து இயங்கும் நிரலோட்டம்), தரவு வராத நிலையிலும் சில வேளைகளில் விழித்து வெற்று பஃபரைப் படிக்கிறது. அதை எழுப்புவது எது என்று எவ்வாறு கண்டறிவது?

மறுமொழி: கெர்னலின் தடமறியும் கருவியான எஃப்டிரேஸில், எழுப்பும் இடத்திலேயே பதிவாகும் ஷெட்_வேக்கிங் நிகழ்வை ஸ்டாக் டிரேஸுடன் (அவ்விடம்வரை வந்த அழைப்புகளின் பட்டியல்) இயக்குங்கள். எழுப்புதல் நிறைவுறும்போது எழும் ஷெட்_வேக்கப் நிகழ்வு வேறொரு சிபியூவில் பதிவாகக்கூடும் என்பதால் அதை நம்ப வேண்டாம்.

மற்றொரு மறுமொழி: எழுப்பியது எதுவாயினும், திருத்த வேண்டியது உங்கள் நிரல்தான் என்று கருதுகிறேன். எழுப்ப வேண்டிய திரெட்களைச் சேர்த்துவைக்கும் பட்டியலான வேக்_கியூ வழியாகத் தள்ளிப்போடப்பட்ட எழுப்புதல், திரெட் அடுத்த காத்திருப்புக்குள் நுழைந்த பின்னரும் வந்து சேரலாம். ஆகவே விழிப்பு மட்டுமே நிபந்தனை நிறைவேறியதற்குச் சான்றாகாது. முதலில் திரெட்டின் நிலையை உறக்க நிலையாக மாற்றி, பின் நிபந்தனையைச் சோதித்து, அதன் பிறகே உறங்கும் சுழற்சியாக எழுதுங்கள். இவ்வரிசை பிறழ்ந்தால் உண்மையான எழுப்புதலே தவறிப்போகும். கெர்னலில் ஆயத்தமாக உள்ள வெயிட்_ஈவென்ட் மேக்ரோ (பெயரிட்டு அழைக்கும் நிரல்துண்டு) இதை முறையாகச் செய்கிறது.

கேட்டவர்: ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டான மியூட்டெக்ஸை விடுவிக்கும் பாதையே தடத்தில் தெரிந்தது. மேக்ரோவுக்கு மாற்றியபின் பிழை நீங்கியது, மிக்க நன்றி.