லிங்க் அப்தான், வேலை மட்டும் நடக்கவில்லை: கேரியர் சர்க்யூட் அனுபவங்கள்

கேரியர் சர்க்யூட் (தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் இணைப்பு) பழுதாகி ரவுட்டிங் (டேட்டா எந்த வழியில் போவது என்ற தேர்வு) குழம்பிப்போன அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் நடுவே எங்களுக்கு இரண்டு லேயர் 2 சர்க்யூட்கள் (ஈதர்நெட் ஃப்ரேம்களை அப்படியே கடத்துபவை), இரண்டிலும் பிஜிபி (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் முறை). ஒன்று விழுந்தால் மற்றது தாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் காலை கிளையிலிருந்து போன். "சார், ஃபைல் திறந்தா அப்படியே நிக்குது. கொஞ்ச நேரத்துல தானா சரியாகுது, திரும்பவும் நிக்குது." பிங் அடித்துப் பார்த்தேன், ஒரு பேக்கெட்கூட விழவில்லை. இன்டர்ஃபேஸ் அப், எரர் கவுன்ட்டர் பூஜ்யம். அதனால் முதல் ஒரு மணி நேரம் சர்வரையும் ஃபயர்வாலையும் சந்தேகப்பட்டு வீணாக்கினேன். அந்த ஒரு மணி நேரம் கிளையில் யாருக்கும் வேலை ஓடவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

வழி காட்டியது லாக்தான். முதன்மை சர்க்யூட்டின் பிஜிபி செஷன் எழுந்து, சரியாக 180 நொடியில் 'ஹோல்ட் டைமர்' (எதிர்முனையிலிருந்து எதுவும் வராமல் காத்திருக்கும் நேரம்) முடிந்து விழுகிறது. சற்று நேரத்தில் மறுபடி எழுகிறது. கேபிள் லூஸ் என்றால் இப்படிக் கடிகாரம் வைத்தாற்போல் விழாது. அப்போதுதான் பேக்கெட் அளவு மேல் சந்தேகம் வந்தது. பிஜிபி கீப்அலைவ் ('உயிரோடு இருக்கிறேன்' என்று அவ்வப்போது அனுப்பும் மெசேஜ்) வெறும் 19 பைட். அதுவும், செஷன் தொடங்கும் ஓபன் மெசேஜும் எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். ஆனால் தலைமை அலுவலக ரவுட்டர் நூற்றுக்கணக்கான ரூட்களை அப்டேட்டாக அனுப்பும்போது டிசிபி (பிஜிபி மெசேஜ்களை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் அடுக்கு) முழு அளவுப் பேக்கெட்டாகக் கட்டி அனுப்புகிறது. அது வழியில் தொலைந்தால் டிசிபி அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். பின்னால் வரிசையில் நிற்கும் கீப்அலைவ்கள் கிளைக்குப் போய்ச் சேராது. 180 நொடி எதுவும் வராததால் கிளை ரவுட்டர் செஷனை முறித்துவிடும்.

இதற்கிடையில் கிளை அனுப்பிய நாலைந்து ரூட்கள் சின்ன பேக்கெட்டில் எங்களுக்கு வந்துவிடும். அந்த மூன்று நிமிடமும் எங்கள் பக்கத்து டிராஃபிக் எல்லாம் பழுதான சர்க்யூட்டில்தான் போகும், பெரிய பேக்கெட்கள் தொலையும். செஷன் விழுந்ததும் மாற்று சர்க்யூட்டுக்கு மாறும், கிளையில் ஃபைல் திறக்கும். பயனர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

டிஎஃப் பிட் ('பேக்கெட்டைத் துண்டாக்காதே' என்ற குறி) வைத்து பிங் அடித்தேன். 1472 பைட் போகவில்லை, 1468 போனது, 1469 போகவில்லை. ஹெடர் 28 பைட் சேர்த்தால் 1500-க்குப் பதில் 1496தான் போகிறது. நான்கு பைட் குறைகிறது என்றால் ஒரு விலான் டேக் (ஃப்ரேம் எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது என்று காட்டும் குறி) அளவு. உடனே அந்த பிஜிபி நெய்பரை (அந்த சர்க்யூட் வழியான எதிர்முனை ரவுட்டர் தொடர்பை) ஷட் செய்தேன், கிளை நிம்மதியானது. கேரியருக்கு போன் செய்தால் "எங்க சைடு லிங்க் கிளீன்" என்றார்கள். அவர்கள் அடித்துப் பார்த்தது சின்ன பிங். அளவுகளை எழுதி டிக்கெட்டில் சேர்த்ததும் பேச்சே மாறியது. முந்தின இரவுப் பராமரிப்பில் சர்க்யூட்டை வேறு கருவி வழியாகத் திருப்பியிருக்கிறார்கள். அங்கே கூடுதல் டேக் ஏறியிருக்கிறது, ஃப்ரேம் அளவை உயர்த்தவில்லை.

பிஎஃப்டி (வழி உயிரோடு இருக்கிறதா என்று வேகமாகச் சோதித்துக்கொண்டே இருக்கும் முறை) போட்டிருந்தால் பிடித்திருக்கலாமே என்று சக ஊழியர் கேட்டார். பிஎஃப்டி பேக்கெட்டும் சின்னதுதான், அதுவும் பச்சை விளக்குதான் காட்டியிருக்கும். இப்போது நிமிடத்துக்கு ஒரு முறை டிஎஃப் வைத்த 1500 பைட் பிங் ஓடுகிறது.

பதில்:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஓஎஸ்பிஎஃப் (பிஜிபி போல இன்னொரு ரவுட்டிங் முறை), 10 நொடிக்கு ஒரு ஹலோ மெசேஜ், 40 நொடி ஹலோ வராவிட்டால் எதிர்முனை டெட். சர்க்யூட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேக்கெட் விழுந்துகொண்டிருந்தது. தொடர்ந்து நான்கு ஹலோ தொலைந்தால்தான் நெய்பர் விழும், அந்த அளவு இழப்பில் அது நடப்பது அபூர்வம். அதனால் ரவுட்டிங் அசையவே இல்லை, போன் பேச்சு மட்டும் வெட்டி வெட்டி வந்தது. ஒரு முனையில் மட்டும் சிஆர்சி எரர் (வழியில் சிதைந்து வந்த ஃப்ரேம்களின் எண்ணிக்கை) ஏறியது. பெறுகிற முனையில்தான் சிஆர்சி எண்ணப்படும் என்பதால், எதிர் முனையிலிருந்து வரும் இழையில்தான் கோளாறு என்று கேரியரிடம் உறுதியாகச் சொல்ல முடிந்தது. லூப்பேக் (அனுப்பியதை அப்படியே திருப்பி அனுப்பும் சோதனை) போட்டு ஒவ்வொரு துண்டாகச் சோதித்தார்கள். கடைசியில் ஒரு ஃபைபர் கனெக்டரில் அழுக்கு. துடைத்துப் போட்டதும் எரர் நின்றது.

பதில்:
எங்களுக்கு இரண்டு கேரியர், இரண்டு சர்க்யூட். ஒரே நேரத்தில் இரண்டும் போயின. இரண்டாவது கேரியர் கடைசித் துண்டை முதல் கேரியரிடமே வாடகைக்கு எடுத்திருந்தார், இரண்டும் ஒரே குழாயில். ரவுட்டிங்கில் நாங்கள் எவ்வளவு நுணுக்கமாக அமைத்திருந்தும் பலனில்லை. இப்போது புது சர்க்யூட் எடுக்கும்போதெல்லாம் கேபிள் போகும் பாதையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம்.