மீனவர் பாதுகாப்புச் சட்ட வரைவு: ஆதரவுக் கடிதம் யாருக்கு?

கேள்வி (தேங்காய்ப்பட்டணம்): ஆழ்கடல் மீனவர்களின் பாதுகாப்புக்கான சட்ட வரைவை ஆதரித்து, எங்கள் ஊர் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு எழுதினால் போதுமா?

பதில் (குளச்சல்): ஐயா, சட்டமியற்றுவதில் ஆட்சியருக்குப் பங்கில்லை, அவருக்கு நகல் போதும். ஆட்சிக்கடலாகிய 12 கடல் மைலுக்கு அப்பாலான மீன்பிடிப்பு, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 57ஆம் பதிவில் வருவதால், மூலக் கடிதம் ஒன்றிய மீன்வளத் துறைச் செயலாளருக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் செல்ல வேண்டும்.

பதில் (நாகர்கோவில்): காலமும் முக்கியம். 2014ஆம் ஆண்டுக் கொள்கைப்படி ஒன்றிய அரசின் வரைவுகள் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட வேண்டும் (எப்போதும் அப்படி நடப்பதில்லை என்பது வேறு). வெறுமனே ‘வரவேற்கிறோம்’ என்று எழுதாமல், ஆதரிக்கும் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, 2017 ஒக்கிப் புயலில் உங்கள் ஊர்ப் படகுகளுக்கு எச்சரிக்கை எப்படிச் சென்றடையாமல் போனது என்பதை ஒரு பத்தியில் விளக்குங்கள்.