வாக்ஸ்டாஃப் இல்லாமல் மேப்பிள்தோர்ப் உண்டா?

கேள்வி: அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ராபர்ட் மேப்பிள்தோர்ப்புக்கு அவருடைய புரவலர் சாம் வாக்ஸ்டாஃப் தந்தது வெறும் பணம்தானா? அந்த ஆதரவின் தடம் படங்களில் எங்காவது தெரிகிறதா?

பதில் 1: கேமராவிலேயே தெரிகிறது. 1970 முதல் மேப்பிள்தோர்ப் எடுத்தது, படத்தை உடனே அச்சிட்டுத் தரும் போலராய்டு கேமராவில்; உள்ளங்கை அளவுப் படங்கள். 1975-இல் வாக்ஸ்டாஃப் வாங்கித் தந்த ஹேசல்பிளாட் கேமரா 6×6 செ.மீ. நெகடிவ் தருவது. 35 மி.மீ. ஃபிலிமைவிடப் பரப்பு மூன்றரை மடங்கு. பெரிதாக்கினாலும் தோலின் வழவழப்பு குலையாது. அவர் படங்களின் சதுரச் சட்டகமும் அதனோடு வந்ததுதான். நியூயார்க் பாண்ட் தெரு ஸ்டூடியோவுக்கான பணமும் அவருடையதே.

பதில் 2: கொடுக்கல் மட்டுமல்ல, வாங்கலும் உண்டு. வாக்ஸ்டாஃப் அருங்காட்சியகங்களில் நவீன ஓவியம், சிற்பத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர். 1972-இல் இருவரும் சந்தித்த பிறகே புகைப்படம் சேர்க்க இறங்கினார். பழைய புகைப்படங்களை யாரும் பெரிதாக மதிக்காத காலம் அது. அந்தத் தொகுப்பைத்தான் 1984-இல் கெட்டி அருங்காட்சியகம் வாங்கியது. யார் யாருக்குப் புரவலர் என்றே கேட்கலாம்!

பதில் 3: ஒரு குழப்பம் அடிக்கடி வரும். வழக்கு மேப்பிள்தோர்ப் மீதே நடந்தது என்று நினைப்பார்கள். அவர் படக் கண்காட்சி தொடர்பாக அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஆபாச வழக்கு நடந்தது 1990-இல். வாக்ஸ்டாஃப் 1987-லும், மேப்பிள்தோர்ப் 1989 மார்ச்சிலும் எய்ட்ஸால் இறந்துவிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டது கண்காட்சி நடத்திய கலை மையமும் அதன் இயக்குநர் டென்னிஸ் பேரியும். கண்காட்சியில் இருந்த 175 படங்களில் வழக்குக்கு வந்தவை 7. நடுவர் குழு விடுவித்தது. கண்காட்சிக்கு அரசு மானியம் போனதுதான் வாஷிங்டன் அரசியல்வாதிகளைக் கிளப்பியது. தனியார் புரவலரின் பணத்தை அப்படி யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது.