நோயாளியை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் உடற்பயிற்சிக்கு என்ன செய்கிறீர்கள்?

வணக்கம். நாங்கள் சேலம் கன்னங்குறிச்சி. பக்கவாதம் வந்த மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தூக்கி உட்கார வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது என்று நாள் முழுக்க வேலை. ஆனால் இடுப்பு வலிதான் மிச்சம். மூக்கனேரி பக்கத்திலேயே இருந்தும் நடக்கப் போக முடியவில்லை, அவரைத் தனியாக விட முடியாதே.

வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டார்கள். எனக்கு அது பெரிய ஆறுதல்.

இதே நிலையில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே என்ன செய்கிறீர்கள்? முதுகு பிடிக்காமல் ஆளைத் தூக்கக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் அஸ்தம்பட்டி பக்கம் தெரியுமா? அப்புறம், சாயங்காலம் ஒரு மணி நேரம் மாமியாருக்குத் துணையாக இருக்க நம்பகமான அக்கா யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.