புதுப்பிப்பு: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வர ஆரம்பித்துவிட்டார்கள்

வடசென்னையில் என் மகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் யாருமே வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது நேரம் பற்றிய யோசனைதான். மதியம் மூன்று மணிக்கு வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள் எப்படி வருவார்கள்? இப்போது காலை உணவுக்குப் பிள்ளைகளை விட வரும்போதே மரத்தடியில் பேசி, குறைகளை எழுதிக்கொள்கிறோம். முறையான கூட்டமும் தீர்மானமும் வழக்கம்போல மதியம்தான். இந்தக் காலைப் பேச்சுக்குத் தலைமையாசிரியர் சம்மதித்தது பெரிய விஷயம்.

வாட்ஸ்அப்பில் எழுத்துக்குப் பதில் குரல் செய்தி அனுப்பச் சொன்னதும் உதவியது. டீ, போண்டா யோசனை எடுபடவில்லை, போண்டா மட்டும் தீர்ந்தது.

2009 கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்று சொன்னபோது பலருக்கும் அது புதுச் செய்தி.

எதிர்பாராதது ஒன்று. "பேத்தி தண்ணி பாட்டிலைத் திறக்காமலே திருப்பிக் கொண்டு வருது டீச்சர்" என்றார் ஒரு பாட்டி. விசாரித்தால், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை; பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஓர் அப்பா மறுநாளே போட்டுக் கொடுத்துவிட்டார்.

இரவு ஷிப்ட் பார்க்கும் அப்பாக்களை மட்டும் இன்னும் பிடிக்க முடியவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.