பிராடிதான் எல்லா காலத்துக்கும் பெரிய குவாட்டர்பேக்கா?

செழியன்:
அமெரிக்கன் ஃபுட்பால் பேச்சை எடுத்தாலே பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக்குகளில் டாம் பிராடிதான் பெரியவர், ஏழு சூப்பர் பவுல் (அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம்) ஜெயித்தவர், அத்தோடு விவாதம் முடிந்தது என்கிறார்கள். நான் பார்க்கத் தொடங்கியதே அவருடைய கடைசிக் காலத்தில்தான். அதற்கு முன் ஆடியவர்களை எதை வைத்து எடை போடுவது? கோப்பைக் கணக்கு மட்டும் போதுமா?

வேல்முருகன்:
போதாது. அப்படிப் பார்த்தால் டான் மரினோவை எங்கே வைப்பீர்கள்? 1984இல் அவர் வீசிய பாஸ்களால் அணி முன்னேறியது 5,084 யார்டு, எல்லைக்குள் போய்ப் புள்ளியாக முடிந்த டச் டவுன் பாஸ் 48. அதற்கு முன் ஒரு சீசனில் யாரும் 5,000 யார்டைத் தொட்டதே இல்லை. ஆனாலும் கடைசிவரை ஒரு சூப்பர் பவுல்கூட ஜெயிக்கவில்லை. என் ஓட்டு ஜோ மொன்டானாவுக்கு. நான்கு சூப்பர் பவுல் ஆடி நான்கிலும் வெற்றி, எதிரணி பிடித்துவிட்ட பாஸ், அதாவது இன்டர்செப்ஷன், ஒன்றுகூடக் கிடையாது. 1989 ஜனவரி சூப்பர் பவுலில் பெங்கால்ஸ் அணியுடன் 13-16 என்று பின்தங்கியிருந்தபோது, தன் பக்கம் 8 யார்டு கோட்டிலிருந்து பதற்றமே இல்லாமல் சின்னச் சின்ன பாஸாகப் போட்டு நகர்த்திக்கொண்டே போய், 34 விநாடி மிச்சமிருக்கும்போது தன் அணியின் ஜான் டெய்லர் கையில் டச் டவுனாகப் பந்தைச் சேர்த்தார் பாருங்கள், அதுதான் குவாட்டர்பேக்.

நந்தினி:
ஜானி யுனைட்டஸை ஏன் எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள்? 1955இல் பிட்ஸ்பர்க் அணி அவரை ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் அனுப்பிவிட்டது. அப்புறம் ஒரு உள்ளூர் அணியில் ஆட்டத்துக்கு ஆறு டாலர் சம்பளம். அங்கிருந்து பால்டிமோர் கோல்ட்ஸுக்கு வந்து, 1958 என்எஃப்எல் இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 23-17 என்று வென்றார். இன்றைக்குப் பயிற்சியாளர் ரேடியோ வழியாக குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசுகிறார். யுனைட்டஸ் களத்தில் நின்று அடுத்து எந்த ஆட்டமுறை என்று தானே முடிவெடுத்தவர். இன்னொன்று, யுனைட்டஸ் காலத்தில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவரைத் தடுப்பாளர்கள் வழியெல்லாம் இடித்துக்கொண்டே போகலாம். 1978இல் வந்த விதிதான் இடிப்பதை முதல் ஐந்து யார்டுக்குள் நிறுத்தியது. அதைக் கணக்கில் எடுக்காமல் யார்டை யார்டோடு ஒப்பிடுவது அநியாயம். அத்தனை இடிக்கு நடுவிலும் தொடர்ந்து 47 ஆட்டங்களில் டச் டவுன் பாஸ் போட்டார், 2012இல் ட்ரூ பிரீஸ் வரும்வரை அதை யாரும் தாண்டவில்லை.

பஷீர்:
நந்தினி சொல்வது சரி, ஆனால் அதற்காக பிராடியைக் குறைக்க வேண்டாம். 2000 டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், 2017 சூப்பர் பவுலில் ஃபால்கன்ஸ் அணியிடம் 3-28 என்று கிடந்த ஆட்டத்தை 34-28 ஆக்கினார். ஆனால் செழியன், கோப்பைதான் அளவு என்பவர்களிடம் ஆட்டோ கிரஹாம் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கிளீவ்லண்ட் பிரவுன்ஸுக்கு 1946 முதல் 1955 வரை பத்து சீசன், பத்திலும் இறுதி ஆட்டம். நான்கு பட்டம் பழைய ஏஏஎஃப்சி லீக்கில், மூன்று என்எஃப்எல்லில். அவருக்கும் ஏழுதான்.