பழைய கிராமபோன் அலமாரிகள்: கண்டதும் கைவிட்டதும்

அரசலாற்றங்கரை எழுதியது:

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஓர் அக்கிரகாரத்தில், இடிக்கவிருந்த வீட்டின் தூண்களைப் பார்க்கச் சென்றவன், அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டு உள்ளே நுழைந்தேன். கூடத்து மூலையில் நின்ற அலமாரியைக் கண்டதும் தூண்கள் மறந்துபோயின. தூக்கு மூடி, அதன் கீழே இரண்டு சிறு கதவுகள், அவற்றுக்கும் கீழே இசைத்தட்டு அடுக்கும் பெரிய கதவுகள். அது கிராமபோன் அலமாரி என்று இங்கே எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திறந்து சாத்திய அந்தச் சிறு கதவுகளை வீட்டுப் பாட்டி எனக்காகத் திறந்தார். ஒலி வெளிவரும் கொம்பின் வாய்க்குள் பெருமாள் படமும், அப்போதுதான் மலையேறியிருந்த ஓர் அகலும் இருந்தன. பல ஆண்டுப் புகை கொம்பின் உட்புறம் முழுவதும் படிந்து, உள்ளே போகப்போகக் கருவறை இருட்டாகச் சுருங்கியிருந்தது. நான் புத்தியில்லாமல் விலை கேட்டேன். “பெருமாளை எங்கே கொண்டுபோய் வைப்பது, தம்பி?” என்று கேட்டுவிட்டு அவர் கதவுகளைச் சாத்தினார். மூடியின் மேல் குங்குமச் சிமிழும் துளசியும் இருந்ததால், அதைத் தூக்கிக் காட்டும்படி கேட்கவும் எனக்கு நா எழவில்லை. உள்ளே மோட்டார் இருந்ததா, இல்லையா என்ற கேள்வி ஏழு ஆண்டுகளாக என்னை விடவில்லை.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

மூடியைத் தூக்காமல் வந்தது பண்பு. விலை கேட்டதுதான் பிழை. ஆனால் ‘ஒரு காலத்தில்’ என்று அவர் பெருமூச்சு விடுவதை நான் ஏற்கவில்லை. அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1906இல் விக்ட்ரோலா என்னும் அலமாரி கிராமபோனைக் கொண்டுவந்தபோது கொம்பை மரத்துக்குள் ஒளித்ததே, அது வீட்டுச் சாமான்களோடு சாமானாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். கூடத்தில் பூசை அலமாரியாக நிற்பது அதற்கு இழிவன்று.

என்னை உறுத்துவது வேறு. ஒரு வியாபாரியிடம் பளபளக்கும் பித்தளைக் கொம்பும் நாய்ப் படமும் கொண்ட பெட்டி ஒன்றை வாங்கி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டை அதில் சுழலவிட்டு, ஊரையே அழைத்துக் கேட்கச் செய்தேன். காலில் ஓர் ஆட்டம் இருந்ததால் ஆசாரியை வரவழைத்தேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகையைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், “மாம்பலகைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், ஐயா” என்றார். கேட்க வந்தவர்களில் இருவர் அப்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் ஏதோ ஓர் உடைந்த கைப்பெட்டி கிராமபோனிலிருந்து எடுத்து மாட்டியது என்பது பிறகு தெரிந்தது. பித்தளைக் கொம்பைக் கண்டாலே இப்போது நான் எழுந்து வந்துவிடுகிறேன். அலமாரி வகையைப் போலியாகச் செய்தால் தச்சுக்கூலியே கட்டாது என்பதால் அவற்றை மட்டுமே நம்புகிறேன்.

கடைமடைக்காரன் எழுதியது:

போலியைப் பற்றிக் கவலைப்பட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்து நாகப்பட்டினத்தில் இறக்கிய அசல் அலமாரி எங்கள் வீட்டிலேயே இருந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் கரையேறியபோது கூடத்து ஓடுகள் பறந்து, மழை முழுவதும் அதன் மேல்தான் இறங்கியது. புயல் கெடுத்தது பாதி. மீதியை நான் கெடுத்தேன். இரண்டாம் நாள் நல்ல வெயில் கண்டதும் அலமாரியை இழுத்து முற்றத்தில் நிறுத்திவிட்டு, தென்னந்தோப்பில் விழுந்து கிடந்த மரங்களை எண்ணப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேலே ஒட்டியிருந்த மெல்லிய மர ஏடுகள், அதாவது வெனீர் ஏடுகள், ஓலைபோலச் சுருண்டு எழும்பியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று ‘டக்’ என்று வெடித்துத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குடமுருட்டிக் கரையான் எழுதியது:

(மரம் சேகரிப்போர் என் பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம், ஆற்றங்கரையில் இருப்பவன் என்பதே பொருள்.) என் அனுபவம் சிறியது. திருவையாற்றுப் பக்கம் ஒரு தொழுவத்தில் கண்ட அலமாரியில், இசைத்தட்டு அடுக்கும் தட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெரிய கதவைத் திறந்ததும் என் கையைக் கொத்தியது.

கடைமடை நண்பர் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். நனைந்த அலமாரியை நிழலில், காற்றோட்டத்தில்தான் உலர்த்த வேண்டும். அக்காலத் தச்சர்கள் ஒட்டப் பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை ஈரத்தில் இளகும், வெனீர் ஏடு வெயிலில் அடிமரத்தைவிட விரைவாகச் சுருங்கும். பிரிந்த ஏடுகளைப் பலகையும் பாரமும் வைத்துச் சமன்செய்து, மீண்டும் வஜ்ஜிரத்தாலேயே ஒட்டச் சொல்லுங்கள். வெந்நீர் பட்டால் அது திரும்பக் கழலும். இக்காலத்து வெள்ளைப் பசை அப்படிக் கழலாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்கவே கூடாது, ஏனெனில் பழைய மெருகும் அரக்கு, இசைத்தட்டும் அரக்கு, இரண்டையும் ஸ்பிரிட் கரைக்கும். எஃகு ஊசி தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று. இரண்டாம் பக்கத்துக்கும் அதையே வைப்பவர்களை நான் சேகரிப்பாளர்களாக மதிப்பதில்லை. மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங் டப்பாவை வீட்டில் திறக்காதீர்கள், சுருள் பாய்ந்தால் விரல் போகும்.

வெண்ணாற்று நண்பர் பித்தளை என்றதும் எழுந்துவிடுவதும் அவசரம். பித்தளை வாய் வைத்த அசல் கொம்புகளும் உண்டு. அரசலாற்று நண்பரே, உங்கள் கேள்விக்கு மூடியைத் தூக்க வேண்டியதே இல்லை. பக்கவாட்டில் மோட்டாரை முடுக்கும் சாவி நுழைக்கும் துளை இருக்கும். ஒரு குச்சியை நேராக விட்டால், மோட்டார் இருக்கும் பெட்டியில் அது சிறிது தூரத்திலேயே இரும்பில் தட்டி நிற்கும். மோட்டாரைக் கழற்றிய பெட்டியில் தடையின்றி உள்ளே போகும்.

அரசலாற்றங்கரை எழுதியது:

இதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. அந்தத் துளை இருந்தது. அதில் பாட்டி ஊதுவத்தி செருகியிருந்தார். சாம்பல் விழுவதற்காகக் கீழே ஒரு கொட்டாங்கச்சியும் இருந்தது. எத்தனை விரற்கடை வெளியே நீண்டிருந்தது என்று கண்ணை மூடிப் பார்க்கிறேன். ஒரு நாள் நான்கு என்று தோன்றுகிறது, மறுநாள் இரண்டு என்று தோன்றுகிறது.